தலைவருக்கு நூற்றிருபது பொன்னாடை

தாராவியில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒரு காலத்தில் முப்பது பிள்ளைகள் வந்தார்கள். இப்போது ஏழு பேர். பொங்கலுக்குள் பழையபடி முப்பது சேராவிட்டால் அந்த அறையை யோகாக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்று மாட்டுங்காவில் இருக்கும் சங்கம் சொல்லிவிட்டது.

வகுப்பெடுக்கும் கோகிலவாணி, செம்பூரில் ஒரு டிராவல் கம்பெனிக்கு வெப்சைட் செய்கிறவள். பிள்ளைகள் போனை விட்டு வரமாட்டார்கள் என்றால் வகுப்பைப் போனுக்குள் வைத்துவிட்டால் போகிறது என்று, யானையும் ரயிலும் எழுத்து விளையாட்டுமாக ஒரு வெப்சைட் செய்து சங்கத் தலைவர் வெங்கடராமனிடம் காட்டினாள். அவர் யானைக்குத் தலையாட்டிவிட்டு, வரவேற்புரை எங்கே என்று கேட்டார்.

"சின்னப் பிள்ளைங்க பாக்கறது சார். நேரா விளையாட்டுத்தான்."

"தலைவர் பேசாம எந்தக் கூட்டம்மா ஆரம்பிச்சிருக்கு? நான் எழுதியே கொண்டுவந்துட்டேன்."

நூற்றிருபது வார்த்தை. கூடவே மேடையில் எடுத்த போட்டோ. சங்கத்தின் அனுமதிக்கு அவர் கையெழுத்து வேண்டுமே என்று கோகிலவாணி இரண்டையும் முதல் பக்கத்தில் போட்டாள். போட்டோவைத் தொட்டால் தோளில் ஒரு பொன்னாடை விழுகிற மாதிரியும் செய்தாள். அவர் ஒருமுறை தொட்டுப் பார்த்து, மனம் குளிர்ந்து, கையெழுத்துப் போட்டார். மேடையில் ஒருவருக்கு ஒரு தடவைதானே போர்த்துவார்கள். இரண்டாம் தடவை தொட்டால் என்ன ஆகும் என்று அவளும் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பிள்ளைகளிடமும் காட்டினாள். உரை ஓடி முடிந்தால்தான் யானை வரும். மூன்றாம் வரியிலேயே ஒருவன் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போய்விட்டான்.

"டீச்சர், இந்தத் தாத்தா எப்ப முடிப்பாரு?" என்றாள் ஒன்பது வயது ஷாலினி.

பக்கத்தில் இருந்த சஃப்ரீன் எரிச்சலில் போட்டோவைக் குத்தினாள். பொன்னாடை விழுந்தது. மறுபடி குத்தினாள். அதன்மேல் இன்னொன்று. ஏழு தலைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. பன்னிரண்டாவதில் தலைவரின் தாடை மறைந்தது.

"ஏ, கண்ணாடி போயிட்டு பாரு. இன்னும் போடு, இன்னும் போடு."

யானையை யாரும் தேடவில்லை.

அந்த வாரமே கோகிலவாணி யானையையும் ரயிலையும் எடுத்துவிட்டாள். யானை எல்லா வெப்சைட்டிலும் கிடைக்கும். ஒரு பெரிய மனுஷரைத் தலை வரைக்கும் மூடுகிற வேலை வேறெங்கே கிடைக்கும்? ஆனால் பொன்னாடையைச் சும்மா கொடுக்கவில்லை. உரையின் ஒவ்வொரு வார்த்தையையும் எழுத்து எழுத்தாகக் கலைத்துப் போட்டாள். சரியாகச் சேர்த்தால் ஒரு மெல்லிய பொன்னாடை; நூற்றிருபதும் விழுந்தால்தான் தலை மூடும்.

ஷாலினி மான்குர்த்தில் இருக்கும் சித்தி பிள்ளைகளுக்குச் சொன்னாள். சஃப்ரீன் தான் குடியிருக்கும் சால் வரிசை வீடுகள் முழுக்கச் சொன்னாள். மூன்றாம் ஞாயிறு வகுப்பில் முப்பத்துநான்கு பேர்.

அன்றைக்குப் பார்த்து வெங்கடராமன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றார். சுவரில் பெரிதாக ஓடிக்கொண்டிருந்த படத்தில் அவருடைய நெற்றியும் ஒரு காதும் நாலு முடியும்தான் மிச்சம். கோகிலவாணியின் கை புரொஜெக்டர் பிளக்கைப் பிடுங்கப் போனது. யோகாவுக்குப் பாயே விரித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஷாலினி திரும்பினாள். "தாத்தா, அது நீங்கதானா? கொஞ்சம் நில்லுங்க. இன்னும் மூணுதான்."

அவர் நின்றார். பிள்ளைகள் ஒன்றாகக் கத்திப் படித்தார்கள்: நன்றி. கூறி. விடைபெறுகிறேன். கடைசிப் பொன்னாடை விழுந்தது. கைதட்டல் அடங்க நேரமானது.

வெங்கடராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதினெட்டு வருஷமா பேசிண்டிருக்கேன் கோகிலா. கடைசி வார்த்தை வரைக்கும் ஒருத்தரும் இருந்ததில்லை."

அவள் மெல்ல, யோகா வகுப்பு எப்போது சார் என்று கேட்டாள்.

"எந்த யோகா? அடுத்த வாரத்துக்கு இருநூறு வார்த்தையில ஒண்ணு எழுதித் தரேன்." படியிறங்கப் போனவர் நின்று சுவரைப் பார்த்தார். "இடது பக்கம் காது தெரியறது பார். அதையும் மூடிடு."