முதலாளிக்கு ஒரு தொட்டி

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். கொதிநீரும் வெளுப்புத்தூளும் பட்டால்தான் அவள் கணக்கில் அது சுத்தம். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தபோது அவள் அழவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள்.

அவன் விட்டுப்போனது ஒரு தங்கமீன். ஜன்னலோரம், குண்டுக் கண்ணாடிக் கிண்ணத்தில். "நான் வெறும் டிரைவர், இவர்தான் முதலாளி" என்பான்.

அன்று காலை கிண்ணத்தில் பாசி கண்ணில் பட்டது. மீனை ஒரு குவளைக்கு மாற்றிவிட்டு, கிண்ணத்தையும் கூழாங்கல்லையும் வெளுப்புத்தூள் போட்டுத் தேய்த்து அலசினாள். குழாய்த் தண்ணீரை நிறைத்து மீனை விட்டாள். கண்ணாடி பளபளத்தது. வேலை முடிந்து வந்து பார்த்தால், மீன் ஒருக்களித்து மிதந்தபடி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

மாடியில் குடியிருக்கும் நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"என் தம்பி போனதுக்குத்தான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. அவன் மீனையும் அனுப்பி வைக்கிறியா?"

"தெரியல அண்ணி."

"எதைக் கேட்டாலும் தெரியல. கல்லாடி நீ?"

வேறு யாரையோ திட்டுவதுபோல் இருந்தது அவளுக்கு. வண்ணமீன் கடைக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"மீன வளத்தீங்களா, வெளுத்தீங்களாம்மா?" என்றார் கடைக்காரர். "குழாய்த் தண்ணி மருந்து செவுளைச் சுட்டுடும். ஒரு நாளாவது பிடிச்சு வெச்ச தண்ணி வேணும். அந்தக் கிண்ணமும் தங்கமீனுக்குப் பத்தாது. அது கழிவு அதுக்கே விஷமாயிடும். அகலமா, பெருசா ஏதாச்சும் இருக்கா? சோப்பு வாடையே இருக்கக் கூடாது."

அகலமாக ஒன்றுதான் இருந்தது. புருஷனின் படுக்கை விரிப்புகளை ஊறவைத்த பிளாஸ்டிக் தொட்டி. அவன் போன அன்று கவிழ்த்து வைத்தவள், அதை நிமிர்த்தவே இல்லை. இப்போது நிமிர்த்தினாள். வெறும் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி முகர்ந்து பார்த்தாள்.

"நேத்துப் பிடிச்ச தண்ணிக்கு எங்க போறது?"

"என் வீட்டுல இல்லாத தண்ணியா!" என்றாள் நாத்தனார்.

குழாய் நின்றுவிடுமோ என்ற பயத்தில் குடம், வாளி, அண்டா என்று முதல் நாளே நிறைத்து வைப்பவள் அவள். "அக்கா வீட்டுல கப்பல் விடலாம்" என்று தம்பி கேலி செய்வான். அந்தக் கடல் முழுக்க இப்போது குடம் குடமாகப் படியிறங்கி வந்தது.

தொட்டியிலும் மீன் சாய்ந்தே கிடந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஜன்னலைவிட்டு இறங்கும் நேரத்தில் வால் லேசாக அசைந்தது. பிறகு உடம்பு நிமிர்ந்தது. தொட்டி ஓரமாக ஒரு சுற்றுக் கிளம்பியது.

"முதலாளி ரவுண்ட்ஸ் போறாருடி," என்று நாத்தனார் மூக்கைச் சிந்தினாள். "இனிமே எப்படி?"

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாத்தணுமாம். நாளைக்கு ஊத்துறத இன்னிக்கே பிடிச்சு வைக்கணும்."

எழுந்துபோய்க் காலி வாளியைக் குழாயடியில் வைத்தாள். அவன் போன பிறகு நாளைக்கென்று அவள் செய்த முதல் காரியம் அதுதான். அழுகை வரவில்லை. வாளி நிறையும்வரை அங்கேயே நின்றாள்.