வளையம் போட்ட புறா

கறை போகவில்லை. அப்பாவின் வெள்ளைச் சட்டைத் தோளில் புறா எச்சம் காய்ந்துபோயிருந்தது. சமையலறை வாசலில் நின்றபடி அவள் அதை ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“வேற சட்டை எடுடி,” என்றாள் அம்மா.

“எல்லாத்துலயும் இருக்கும்மா.”

முன்னறையில் கிடந்த அப்பாவுக்கு இன்னும் உடை மாற்றவில்லை. “தூக்கத்துலயே போயிட்டாரு, குடுத்து வச்சவரு,” என்றார் சித்தப்பா, வருகிறவர்களிடமெல்லாம். அப்பா தூங்கவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அப்பா வேலை பார்த்த பறவைக் காப்பகத்தின் இயக்குநர் மலர்வளையத்தோடு வந்தார். சித்தப்பா நாற்காலி போட்டார்.

“தங்கமான மனுஷன்,” என்றார் இயக்குநர். “ஆனா அந்த ஒரு விஷயத்துல அவசரப்பட்டுட்டார். மலைப்புறா முட்டையை எடுத்து ஊர்ப்புறாகிட்ட அடைக்கு வச்சார், சீக்கிரம் பெருகும்னு. குஞ்சுங்க வளர்த்ததையே தன் இனம்னு நம்பிருச்சு. வெளியில விட்டதும் ஊர்ப்புறாவோடயே ஜோடி சேர்ந்துக்கிச்சு. இப்ப எங்க பார்த்தாலும் கலப்புக் குஞ்சு. அசல் மலைப்புறாவே மிஞ்சாது போலிருக்கு.”

அவள் கை நின்றது. அன்றொரு நாள் சாப்பாட்டு மேசையில் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். “வேணாம் சார், பின்னாடி அதுக்குத் தான் யாருன்னே தெரியாமப் போயிடும்.” இதே குரல்தான் பதில் சொன்னது: “எனக்கு எண்ணிக்கை வேணும்யா. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டார். கலப்புப் பறவைகளையும், ஊர்ப்புறாவோடு ஜோடி சேர்ந்தவற்றையும் பிடித்துக் கொல்ல உத்தரவு போட்டார், வளர்த்த அப்பாவின் கையாலேயே. நேற்று வீட்டுக்கு வந்த அப்பா சமையலறைக் குழாயில் கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். சாப்பிட உட்காரவில்லை.

இயக்குநர் குரலைத் தாழ்த்தி அம்மா பக்கம் திரும்பினார். “இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. நாங்க விட்டதுல வளையம் போட்ட ஒண்ணு மட்டும் இன்னும் கெடைக்கல. வீட்டுல ஏதாவது சொன்னாரா?”

சமையலறை ஜன்னலுக்கு வெளியே, மழை படாமலிருக்க அப்பா கட்டிவிட்ட அட்டைக்குப் பின்னால் அது அடைகாத்துக்கொண்டிருந்தது. காலில் மஞ்சள் வளையம். பக்கத்திலேயே அதன் ஜோடி, ஓர் ஊர்ப்புறா. ‘நீங்கதானே சார் சொன்னீங்க’ என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. கேட்டால் பேச்சு வளரும். வளர்ந்தால் மனிதர் லேசில் எழுந்து போகமாட்டார். விழுங்கிக்கொண்டாள்.

அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வீட்டுல எங்க சார் பேசினாரு? பேசறதெல்லாம் அங்கதானே.”

அப்போது ஜன்னலில் குனுகல் கேட்டது.

இயக்குநர் தலையைத் திருப்பினார். “புறா சத்தமா அது?”

“எந்த வீட்டு ஜன்னல்ல சார் புறா இல்ல?” என்றாள் அம்மா, திரும்பாமல்.

அவள் உள்ளே போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தொட்டியில் கழுவ ஒரு பாத்திரமும் இல்லை. சட்டையை அதன் கீழே பிடித்துக்கொண்டு நின்றாள்.