குலுக்கிப் பார்த்த பெட்டி

பம்ப் ஹவுஸ் ஆபரேட்டருக்கு அன்று காலையிலிருந்தே கை ஒரு வேலையில் நிற்கவில்லை. பிரஷர் மீட்டரைப் பார்ப்பார், உடனே போனைப் பார்ப்பார். திரையில் 'டெலிவரிக்குக் கிளம்பிவிட்டது' என்று போட்டிருந்தது. எங்கே கிளம்பியது, எந்த ரோட்டில் வருகிறது என்பதெல்லாம் ஆண்டவனுக்கே வெளிச்சம்.

வரவேண்டியது ஒரு டெலஸ்கோப். அம்மாவோடு நகரத்தில் வளரும் மகள், பெற்றோர் பிரிந்த பிறகு முதல்முறையாக லீவுக்கு அப்பாவிடம் வந்திருந்தாள். வருவதற்கு முன்பே போனில் கேட்டிருந்தாள்: "உங்க ஊர்ல என்னப்பா இருக்கு?"

மலைமேல் ஒரு பம்ப் ஹவுஸ், நாலு குவார்ட்டர்ஸ். இதில் எதைச் சொல்வது? "வானம் பூரா நட்சத்திரம்டா கண்ணு" என்றார்.

"அப்ப டெலஸ்கோப் வாங்கி வைங்க!"

அவள் அம்மா கறாராகச் சொல்லியிருந்தாள்: "இந்தத் தடவை அனுப்புறேன். அடுத்த லீவு அவ இஷ்டம்." அதனால் வாசல் விளக்கின் பல்பைக்கூடக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். நட்சத்திரத்துக்கு அதுவும் இடைஞ்சல்தானே?

மேலே எந்தக் கூரியரும் ஏறாது. 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று அடிவாரத்திலிருந்தே மெசேஜைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லோருக்கும் ஒரே விலாசம், கீழே முக்குரோட்டு டயர்க்கடை. ஒருமுறை ஆபரேட்டர் வாங்கிய மிக்ஸி ஜார் சுக்குநூறாக வந்தது. 'உங்கள் பகுதியிலிருந்து திரும்பப் பெற இயலாது' என்று கம்பெனி கைவிரித்தது. அன்று அவர்தான் டயர்க்கடைக்காரரிடம் சொல்லிவைத்தார்: "தம்பி, இனிமே எது வந்தாலும் குலுக்கிப் பாரு. சத்தம் கேட்டா வாங்காதே. அப்படியே திருப்பி அனுப்பிடு." குவார்ட்டர்ஸே அந்த யோசனையை மெச்சியது.

டெலஸ்கோப் இன்று வரும், நாளை வரும் என்று லீவே கரைந்துவிட்டது. மறுநாள் காலை மகளுக்கு பஸ். எந்தத் திருகாணி எங்கே என்று அப்பாவும் மகளும் வீடியோ பார்த்துப் பார்த்து மனப்பாடமே செய்துவிட்டார்கள்.

போன் அடித்தது. டயர்க்கடைக்காரர்.

"அண்ணே, உங்க காசக் காப்பாத்திட்டேன்!"

"பார்சல் வந்துருச்சா?"

"வந்துச்சு. குலுக்கினேன். உள்ள ஒரே கலகலன்னு சத்தம். கண்ணாடியெல்லாம் போச்சுண்ணே. வந்தவன் கெஞ்சினான், விடுவேனா? திருப்பி அனுப்பிட்டேன்."

"டேய்... அது தனித்தனியாத்தான்டா வரும். நாமதான் சேர்க்கணும்."

"அய்யோ அண்ணே. நீங்கதானே குலுக்கச் சொன்னீங்க..."

"ஆமா. நான்தான்."

மகள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். "வராதாப்பா?"

"சும்மா கண்ணாலயே பாப்போம்டா, வா."

"அதைத்தானே தினம் பாக்குறோம்." அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்லப்பா" என்றாள். அவள் அம்மாவும் இப்படித்தான் சொல்வாள், ஒவ்வொரு தடவையும். கடைசியில் ஒருநாள் அதைக்கூடச் சொல்லாமல் கிளம்பிப் போனாள்.

பஸ் கிளம்பிய கையோடு ஆபரேட்டர் மறுபடி ஆர்டர் போட்டார், இந்தமுறை நகரத்து விலாசத்துக்கு. மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டது. பொழுது சாய்ந்ததும் மகள் கூப்பிட்டாள்.

"அப்பா! மாட்டிட்டேன்ப்பா, நானே! ஒரு திருகாணிகூட மிச்சமில்ல!"

"தெரியுதாடா?"

"எதிர்வீட்டு டிவி தெரியுது. அவங்க சீரியல் பாக்குறாங்க."

"நட்சத்திரம்?"

"இங்க ஒரே லைட்டுப்பா. ஒண்ணும் தெரியல."

"அடுத்த லீவுக்கு இங்க எடுத்துட்டு வா கண்ணு. இங்க வச்சா..."

"அடுத்த லீவுக்கு நீச்சல் கிளாஸ்ப்பா." குரல் இறங்கியது. "அம்மா கேட்டாங்க. நான் சரின்னுட்டேன்."

"பரவால்லடா" என்றார் அவர்.

போனை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தார். பல்பை எடுத்துச் சட்டையில் துடைத்தார். காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். சத்தமில்லை. வாசலுக்குப் போய், அண்ணாந்து பார்க்காமலேயே, அதைத் திரும்ப மாட்டினார்.