லியூதஸின் பேரி மரத்தில்

வெரோனிகா துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது தேனீக் கூட்டம் கிளம்பியது. இறந்துபோன கணவர் மிகோலஸ் விட்டுப்போனதில் குளிர்காலத்துக்குத் தப்பிய ஒரே தேனீப் பெட்டி அது. கிழ ராணியோடு பாதி ஈக்கள் புறப்பட்டுவிட்டன; மிச்சப் பாதி தேறுமோ என்னவோ. போனதுதான் போனது, பக்கத்து வீட்டு லியூதஸின் பேரி மரத்திலா போய்த் தொங்க வேண்டும்? முழம் நிலத்துக்காக மிகோலஸோடு மல்லுக்கு நின்று வேலி போட்ட மனுஷன். அதன்பின் இரு வீட்டாரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

அவள் வெள்ளை விரிப்போடு போனபோது லியூதஸ் கூடையும் கையுமாக மரத்தடியில் நின்றிருந்தார்.

"மரம் என்னுது."

"ஈ என்னுது."

"அப்ப ஆளுக்குப் பாதி எடுத்துக்குவோமா?"

"ராணி ஒருத்திதான். அவள எப்படிப் பாதியாக்குவீங்க?"

பாதியாக்க முடியாது. விலை பேசவும் வழியில்லை. அந்த ஊரில் தேனீயை விலைபேசுவது பிள்ளையை விலைபேசுவது மாதிரி.

பிச்சுலியாவ்தி. சிநேகம் கொண்டாடுவதற்கு அங்கே அதுதான் சொல். பள்ளிப் பிள்ளைகள் போனில் தட்டும் சாதாரணச் சொல். அதிலுள்ள 'பிச்சு' 'பித்தே'யிலிருந்து, அதாவது தேனீயிலிருந்து, வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சிநேகத்துக்கு ஏன் தேனீ? வீட்டில் பசு இல்லையா, ரொட்டி இல்லையா? முதன்முதலில் அதைச் சொன்னவர்கள் ஆசைப்பட்டுச் சேர்ந்தவர்களா, இல்லை, பங்குபோட முடியாத ஒன்று வந்து தொங்கியதால் இப்படி முறைத்துக்கொண்டு நின்றவர்களா? அத்தனை கோபத்திலும் வெரோனிகாவுக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

"என்ன யோசனை?"

"ரெண்டு பேரும் சேந்து வச்சுக்கிட்டா ஊர் நம்மள என்னன்னு கூப்பிடும்?"

"பிச்சுலிஸ்னு கூப்பிடும்." சிநேகிதர் என்ற அந்தச் சொல்லைச் சொல்லும்போதே லியூதஸின் முகம் புளித்தது. "மிகோலஸ் ஆவி என்னச் சும்மா விடாது."

"விடாதுதான். தேன் நிறையக் குடுங்க, அடங்கிடுவாரு."

சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கிளையை ஓங்கி உலுக்கினார். கூட்டம் மொத்தமாகக் கூடையில் விழுந்தது.

"பெட்டிய எங்க வைக்கிறது?" என்றாள் வெரோனிகா. அவர் பக்கம் வைத்தால் மிகோலஸின் ராணி அவருடையது. இவள் பக்கம் வைக்க அவர் சம்மதிக்க மாட்டார்.

லியூதஸ் கொட்டகைக்குள் போய்க் கடப்பாரையும் ஒரு காலிப் பெட்டியுமாக வந்தார். வேலியில் இரண்டு பலகைகளைப் பெயர்த்தார். துருப்பிடித்த ஆணிகள் கிறீச்சிட்டன. அந்த இடைவெளியில் பெட்டியை வைத்து, அதன் வாசலில் விரிப்பைச் சாய்த்துப் போட்டார்.

"அந்த முனையப் பிடி." அவள் வேலியைத் தாண்டித் தன் பக்கம் போய் முனையைப் பிடித்தாள்.

அவர் கூடையைக் கவிழ்த்ததும் ஈக்கள் துணிமேல் ஏறிப் பெட்டி வாசலை நோக்கி நடக்கத் தொடங்கின.

"ராணி உள்ள போயிட்டாளா?"

"நான் பாக்கல. நீ பாத்தியா?"

வேலிக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவரும், தலையோடு தலை முட்டும்படி குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள்.