வளைவில் ஒரு பஸ் ஹோல்ட்

சுலக்ஷனாவின் வேலை புதியதைப் பழையதாக்குவது. கொழும்பில் டெலி நாடகங்களுக்குக் கலை இயக்குநராக இருந்தாள். வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் என்பதால், மலையகக் கதை என்றதும் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

நாயகி காதலனுக்காகக் காத்திருக்க, கூரையும் சுவரும் வைத்த பழைய பஸ் ஹோல்ட் ஒன்று வேண்டும் என்றார் டைரக்டர். தோட்டத்து வளைவில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. சனங்கள் எத்தனையோ முறை கேட்டும் கிடைக்கவில்லை. பஸ் ஏற வேண்டுமென்றால் சந்திவரை நடந்து இறங்க வேண்டும். சுலக்ஷனா பிளைவுட்டும் ரெஜிபோம் அட்டையும் கொண்டு அங்கே ஒன்றைக் கட்டினாள். சுவரில் வெடிப்பு வரைந்தாள், தேங்காய்த் தும்புத் தூளில் பாசி வைத்தாள், மூலையில் வெற்றிலை எச்சில் தீட்டினாள்.

அம்மா நாகலெட்சுமி கொழுந்துக் கூடையோடு வந்து பார்த்தார். "இந்த எச்சியையும் நீதான் வரஞ்சியா?"

"ஆமாம்மா."

"படிச்ச புள்ள செய்யிற வேலையா இது?"

மறுநாள் முதல் ஷாட்டின் நடுவே ஹட்டன் பஸ் வந்து நின்றது. ஹோல்ட்டைக் கண்டால் நிறுத்துவது டிரைவரின் பழக்கம். "ஏறுங்க, ஏறுங்க!" என்று கண்டக்டர் நாயகியை அவசரப்படுத்தினான். நாயகி ஏறவில்லை. பின்னால் நின்று வேடிக்கை பார்த்த இரண்டு பெண்கள் ஏறிக்கொண்டார்கள். அன்றிலிருந்து எல்லா பஸ்களும் அங்கே நின்றன.

படப்பிடிப்பு முடிந்தது. அடுத்த செட்டுக்குப் பலகை தேவை, கழற்றிக் கொண்டுவரச் சொன்னார் தயாரிப்பு மேனேஜர் ஜெயகாந்தன். தச்சனோடு சுலக்ஷனா போனபோது உள்ளே கிளினிக் போகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்லமுத்து மாமா, இது பொய் ஹோல்ட். மழைக்குத் தாங்காதுங்க," என்றாள் அவர்களில் மூத்தவரிடம்.

"பஸ்ஸு நெசமா வருதே புள்ள," என்ற நல்லமுத்து எழுந்திருக்கவில்லை.

தச்சன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் சுத்தியலை வாங்கிப் பைக்குள் போட்டாள்.

அந்த நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் போக்குவரத்து அதிகாரி. வளைவில் பஸ் நிற்பதாக யாரோ முறையிட்டிருந்தார்கள். அவர் வெடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். பாசியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"எத்தனை வருஷமா இதை இப்படி விட்டு வச்சிருக்கீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார்.

சுலக்ஷனாவின் வேலையை இதுவரை யாரும் இவ்வளவு மனதாரப் பாராட்டியதில்லை. இருந்தாலும் உண்மையைச் சொன்னாள். "அது பெயிண்ட், சேர். நாடகத்துக்குக் கட்டினது."

அதிகாரி சுவரைத் தட்டினார். டொக்கென்றது. வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். மறுபடியும் தட்டினார்.

"உள்ளே நல்லாவே உளுத்துப் போயிருக்கு. புதுசாத்தான் கட்டணும். அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது," என்றார்.

ஜெயகாந்தனுக்குப் போனில் விஷயத்தைச் சொன்னாள். அவர் கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்த செட்டுக்கு வேறு பலகை வாங்கச் சொன்னாள்.

மழைக்கு முன்பே சீமெந்து ஹோல்ட் எழும்பியது. நீலப் பெயிண்ட் பளபளத்தது. நாடகத்தின் அடுத்த கட்டத்துக்கு வந்த டைரக்டர் அதைக் கண்டு நொந்துபோனார்.

"கொஞ்சம் பழசாக்கிடலாமே?"

சுலக்ஷனா நல்லமுத்துவிடம் கேட்டுப் பார்த்தாள்.

"தூரிகையத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வந்துறாத, சொல்லிட்டேன்," என்றார் அவர்.

கடைசியில் நாயகி ரயிலுக்குக் காத்திருப்பதாகக் கதையை மாற்றினார்கள். ஏற்கெனவே பழசாயிருந்த வட்டகொடை ஸ்டேஷனில் சுலக்ஷனா கட்டுவதற்கு எதுவும் இருக்கவில்லை. பிளாட்பாரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்தனுப்பிய ரொட்டியைச் சாப்பிட்டாள்.