சோக் குமிழில் தொங்கிய பை

பம்ப்செட் கம்பெனி ஐயாசாமியின் வீட்டில் பழைய கார்கள் ஏழு. எட்டாவதாக ஓர் இத்தாலிக் கார் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார் மனிதர். விலைக்கு வந்தவை இரண்டு: 1967 ஆல்ஃபா ரோமியோ, 1991 ஃபெராரி.

"உடுமலைப்பேட்டை வரைக்கும் ரெண்டுலயும் போய்ப் பாத்துப்போட்டுச் சொல்றனுங்க" என்றார். எந்த வண்டி தேறுகிறதோ, அதன் மெக்கானிக்குக்கே எட்டு வண்டிகளின் வேலையும்.

ஆல்ஃபாவின் மெக்கானிக் சண்முகப்ரியாவுக்கு அந்த வேலை கிடைத்தால் போதும், சிங்காநல்லூரில் சொந்தமாக ஷெட் போட்டுவிடலாம். அதன் இன்ஜினைப் பிரித்து மாட்டவே அவளுக்கு இரண்டு வருஷம் ஆனது. பொம்பளப்புள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்காத வாய் இல்லை. கேட்டவர்கள் எவரும் ஒரு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததில்லை!

சுல்தான்பேட்டை வரை மெக்கானிக் ஜெரோம் ஓட்டிய ஃபெராரியில் வந்த ஐயாசாமி, முகமெல்லாம் பல்லாக இறங்கினார். "ஏசி ஜில்லுனு இருக்குது. மிதிச்சாப் பறக்குதுங்க. இருவத்திநாலு வருசம் பிந்திப் பொறந்த வண்டியல்லோ!"

பின்னாலேயே ஆல்ஃபாவை ஓட்டி வந்த ப்ரியா, அவருக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

ஆல்ஃபாவில் ஏசி கிடையாது, கூரையையும் மடக்கியிருந்தாள். ஏறியதும் ஐயாசாமி தன் கனத்த துணிப்பையை மாட்ட இடம் தேடி, டேஷ்போர்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த சோக் குமிழில் மாட்டினார். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப மட்டும் இழுக்கிற குமிழ் அது. ஓடும்போது இழுபட்டால் இன்ஜின் பெட்ரோலைக் குடித்து மூச்சுமுட்டிப் போகும். ப்ரியா பார்த்தாள். பெரியவர், அதுவும் முதல்முறை ஏறியவர். பையை எடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? அவர் தென்னந்தோப்பைப் பார்த்த நேரமெல்லாம் குமிழைத் திருட்டுத்தனமாக உள்ளே தள்ளினாள். பை மறுபடி இழுத்தது. மக்குப் பெண்!

பத்தாவது கிலோமீட்டரில் கரும்புகை கக்கி வண்டி நின்றது.

முன்னால் போன ஜெரோம் திரும்பி வந்தான். பெட்ரோலில் தூசி என்று சொல்லிவிடலாம். பெரியவர் மனம் நோகாது, ஆனால் பழி வண்டிமேல் விழும். இரண்டு வருஷ உழைப்பு! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"உங்க பைதானுங்கய்யா காரணம். சோக்க இழுத்துப்போட்டுதுங்க."

ஐயாசாமியின் முகம் சுருங்கியது. "மாட்டறப்பவே சொல்றதுக்கென்னுங்கம்மணி?"

"பெரியவங்ககிட்ட எப்பிடிங்க..."

"நல்ல மரியாதைங்க! நடுரோட்டுல நிறுத்திப்போட்டு!"

அவள் பெட்ரோலில் நனைந்திருந்த நான்கு பிளக்குகளையும் கழற்றித் துடைத்து மாட்டினாள். இருபதே நிமிஷம். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் கணீரென்று பிடித்தது.

ஐயாசாமி ஜெரோமைப் பார்த்தார். "உங்க வண்டி நின்னுருந்தா?"

"லாரில ஏத்தி ஷெட்டுக்குத்தானுங்க கொண்டு போகோணும்" என்றான் ஜெரோம், ஒளிக்காமல்.

"அப்ப எனக்கு இதுதானுங்க." பையை மடியில் வைத்து உட்கார்ந்து, கதவைப் படாரென்று சாத்தினார்.

"அய்யா, மெதுவா! அறுவது வருசத்துக் கதவுங்க அது!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஐயாசாமி கதவைத் திறந்து, பூப்போல மறுபடி சாத்தினார்.

"செரிங்கம்மணி. மத்த ஏழு வண்டிக்கும் இப்பிடியே சொல்லிப்போடுங்க."