ஆறு மணி பஸ்

ஐரினின் புருசன் ஆல்பின் போய்ச் சேர்ந்ததிலிருந்து, அவர் வழக்கமாக வந்திறங்கும் ஆறு மணி பஸ் ஒத்தக்கடை ஸ்டாப்பில் நின்றாலே போதும், வீட்டுப் பூனை வாசல் கதவைப் பிறாண்டிக் கத்தித் தீர்க்கும்.

"செத்த மனுசன் திரும்பி வருவாராக்கும்? பேசாமக் கெட, சனியனே!" என்று ஐரின் எரிந்து விழுவாள்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் பூனைக்குத் தினம் பாதி மாத்திரை எழுதிக்கொடுத்தார். "பலன் தெரிய ஒரு மாசம் ஆகும்மா." அவள் அதைச் சாளை மீனுக்குள் பொதிந்து ஊட்டினாள்.

ஐந்தாவது வாரம் ஒரு சாயங்காலம். மஞ்சள் வெயில் கூடத்தில் தண்ணீர்போல் தேங்கிக் கிடந்தது. பஸ் வந்து நின்றது. ஆல்பினின் நாற்காலியில் படுத்திருந்த பூனை ஒரு காதை அசைத்துவிட்டு மறுபடி தூங்கிப்போனது. வீடு அம்புட்டு அமைதி.

தெருக்காற்று முகத்தில் பட்ட பிறகுதான், தானே போய்க் கதவைத் திறந்திருப்பது ஐரினுக்குத் தெரிந்தது.